மாசில்லாக் குழந்தைகள் திருநாளில் அம்மா கேட்டது

இன்று காலை மாசில்லாக் குழந்தைகள் திருநாள் பூசைக்குப் போயிருந்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் என்பதால் பாதி பெஞ்சு காலி. (கேக் இன்னும் செரித்திருக்காது.)

எனக்கு இந்த நாளைத் தவறவிட மனம் வராது. காரணம் அம்மா.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் அப்பாவுக்கு வேலை. எனக்குப் பத்து வயதிருக்கும்.

அந்தப் புரட்டாசியில் அம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைப்பதில்லை என்பது அன்றைய வழக்கம். அப்பா தம்பியைச் சுவருக்கு வெளியே, கள்ளிப் புதர் ஓரம் புதைத்துவிட்டு வந்தார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள். எல்லோரும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். அம்மா வெளியே தனியாக நின்றாள்.

பிறகு இந்தத் திருநாள் வந்தது.

குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது, பெத்லகேமின் ஆண் குழந்தைகளையெல்லாம் வெட்டிய கதையைச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பேசவே தெரியாத அந்தப் பிள்ளைகளைத் திருச்சபை புனிதர்களாக வணங்குகிறது என்றார்.

பூசை முடிந்ததும் அம்மா அவர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, அந்தப் பிள்ளைகளுக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தா?"

"அதுக ஏசுவுக்காகச் செத்ததுகம்மா. சிந்துன ரத்தமே அதுகளுக்கு ஞானஸ்நானம்."

"எம்பிள்ள ரத்தம் சிந்தல சாமி. கொஞ்ச நேரம் மூச்சு விட்டான், அம்புட்டுத்தான். அவன் இப்ப எங்க இருக்கான்?"

அப்பா பதறிப்போய், "ஏ, சும்மா இரு" என்றார்.

சாமியாருக்குச் சின்ன வயது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"படிச்சத வச்சு ஒரு பதில் சொல்லிரலாம். ஆனா எனக்கு உறுதியாத் தெரியலம்மா. கடவுள் அவனக் கைவிட மாட்டாருன்னு நம்புறேன். எங்க பொதச்சீங்க? வாங்க, போவோம்."

கல்லறைத் தோட்டத்தின் வாசலைக் கடந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு கள்ளிப் புதருக்கே வந்தார். வெள்ளை அங்கியோடு மண்ணில் முழந்தாளிட்டார்.

"இந்த எடத்த மந்திரிச்சு ஆசீர்வதிக்க எனக்கு அனுமதி இல்ல. செபம் சொல்ல யாரையும் கேக்க வேண்டியதில்ல. பிள்ள பேரென்ன?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "பேரு வைக்கல சாமி."

"வச்சிருக்கேன்" என்றாள் அம்மா. "சவரிமுத்து."

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவரே அப்போதுதான் கேட்கிறார்.

சாமியார் அந்தப் பெயரைச் சொல்லிச் செபித்தார். முடிந்து எழுந்த பிறகும் அப்பா எழுந்திருக்கவில்லை. மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு, "சவரிமுத்து, சவரிமுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பெயரோடு மட்டும் நின்றுவிட்ட பிள்ளை உண்டா?

கமெண்டில் எழுதுங்கள். நாளைப் பூசையில் அந்தப் பெயரையும் என் செபத்தில் சேர்த்துச் சொல்கிறேன்.