அன்ரியின் கழுத்தில் இருந்த ராணி

அந்த ராணியின் மூக்கு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நீல வெல்வெட் பெட்டிக்குள் கிடந்த கேமியோ அது. கழுத்தோடு ஒட்டிக் கட்டுகிற கறுப்பு நாடாவில் கோத்திருந்த, கோழிமுட்டை அளவான சிப்பிச் செதுக்கல். அந்தச் சிப்பிக்கு இரண்டு அடுக்கு. மேலே வெள்ளை, கீழே மண்போன்ற கபில நிறம். வெள்ளையில் முகத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கபிலம் தெரியும்வரை சுரண்டித் தள்ளிவிடுவார்கள். முகத்தில் மூக்குத்தான் எல்லாவற்றையும்விட எழும்பி நிற்கும். தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோ நகரத்துக்குள் பழைய நகைகள் விற்கும் ஒரு கடையில் நான் பொதி கட்டிக்கொண்டிருந்தேன். அந்த மூக்கில் தூசி படியாமல் மெல்லிய தூரிகையால் துடைப்பது அன்ரியின் வேலை.

அன்ரி எனக்கு உறவில்லை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தவர். கடையில் அவரைச் சேர்த்துவிட்டது நான்தான். சின்ன மகனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். கணவர் பின்னால் வருவதாக இருந்தது. சண்டையில் இடம்பெயர்ந்த சனத்தோடு போன அவரிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. தெரிந்தவர்கள் சிலர் அவர் இனி இல்லை என்றே பேசத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பேச்சு வந்தால் அன்ரி எழுந்து போய்விடுவார். ஆங்கிலம் அவருக்குத் 'தாங்க்யூ'வோடு முடிந்துவிடும். மற்ற எல்லாவற்றுக்கும் நான்தான் வாய்.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை, எரிச்சலே அதுதான். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே கதையைச் சொல்லுவார். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் தங்கள் தலையைக் கல்லில் செதுக்கி வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்களாம். பிரெஞ்சுச் சக்கரவர்த்திக்கும் அந்த ஆசை இருந்ததாம். விக்டோரியா ராணியும் தன் முகம் பதித்த கேமியோவை நெருங்கிய சீமாட்டிகளுக்கு அளித்தாராம். எங்கள் நீலப் பெட்டிக்குள் கிடந்தது அதில் ஒன்றாம். என்ன நேர்த்தி என்று உருகுவார். பொதி கட்டியபடியே நான் மனதுக்குள் கேட்பேன். ஆள் போகமுடியாத இடத்துக்கெல்லாம் முகத்தை அனுப்பி, உன்னை ஆளுகிறவள் நான்தான் என்று நினைவுபடுத்துவதற்குப் பெயர் நேர்த்தியா? செதுக்கியபோது ஐம்பது கடந்திருந்த மனுசிக்கு இருபது வயது முகம், தலையில் வெற்றி மாலை வேறு. யாரை வென்றதற்கு அந்த மாலை என்று கடைக்கு வந்த ஒருவர்கூடக் கேட்டதில்லை. வெள்ளை எழும்பி நிற்பதற்கு மற்ற நிறம் பள்ளத்தில் கிடக்கவேண்டும் என்பதை அந்தச் சிப்பியே ஒளிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

ஓர் இலையுதிர் காலத்தில் கடையில் கண்காட்சி வைத்தார்கள். அன்ரி சேலை உடுத்து, அந்தக் கேமியோவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கவேண்டும் என்றார் முதலாளியம்மா. அன்ரியின் நிறத்தில்தான் அந்த வெள்ளை எடுப்பாகத் தெரியுமாம். அதைப் பாராட்டு என்று நினைத்தே சொன்னார். பிறகு அன்ரியின் கழுத்தோரம் தெரிந்த தாலிக்கொடியைக் காட்டி, அது கண்ணை இழுக்கிறது, ஓர் இரண்டு மணி நேரம் கழற்றி வைக்கட்டும் என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். சொன்ன நாக்கை இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்ரி தூரிகையைக் கீழே வைத்தார். கொடியைச் சட்டைக்கு வெளியே இழுத்து, தாலிக்கு இரண்டு பக்கமும் கோத்திருந்த ஆங்கிலேயர் காலத்துப் பவுண் காசுகளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். எங்கள் பக்கத்தில் அப்படிக் கோப்பது வழக்கம். தங்கம் சுத்தம் என்பதுதான் கணக்கு, தலை யாருடையது என்று எவரும் பார்ப்பதில்லை. நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதே மூக்கு. சீமாட்டிகளுக்குக் கேமியோவில் போனவள் எங்கள் பெண்களின் தாலிக்குக் காசில் வந்து ஏறியிருக்கிறாள்.

"தம்பி, என்ர தாலியிலை கிடக்கிறதும் உந்த மனுசிதான். அவவைக் கழட்டிப்போட்டு அவவையே கட்டச் சொல்லுறாவோ எண்டு கேளும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ர மனுசன் உயிரோடைதான் இருக்கிறார் எண்டும் சொல்லும். நான் கழட்டமாட்டன்" என்றார்.

நான் அதைச் சொல்லவில்லை. இது எங்கள் சமய வழக்கம், அன்ரிக்குக் கூச்சம், குறை நினைக்கவேண்டாம் என்று குழைந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். பயந்தது அவருடைய வேலைக்கா என்னுடையதுக்கா என்று கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலாளியம்மா சிரித்து, அன்ரியின் தோளில் தட்டிவிட்டுப் போனார். கண்காட்சியன்று வாசலில் கறுப்பு வெல்வெட் போர்த்த பொம்மைக் கழுத்து ஒன்று கேமியோவோடு நின்றது. அன்ரியிடம் கேட்ட வேலையை அது ஒரு குறையுமில்லாமல் செய்தது.

போன வருடம் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மார்க்கம் நகரத்துக் கலியாண மண்டபம் ஒன்றில் அன்ரியைக் கண்டேன். இப்போது அஜக்ஸ் நகரத்தில் மகனோடு இருக்கிறார். கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. கொடி கழுத்திலேயே கிடந்தது. இத்தனை வருடம் நெஞ்சில் உரசி, காசில் இருந்த ராணியின் மூக்கு தேய்ந்து மழுங்கிப்போயிருந்தது. பெட்டிக்குள் இருந்தவளுக்கு அது இன்னும் கூராகத்தான் இருக்கும். அதை அப்படித் துடைத்துக் காத்ததும் இதே அன்ரியின் கைதான்.

சாப்பிட இருந்தபோது கேட்டார்: "தம்பி, அண்டைக்கு நான் சொன்னதை அவவுக்கு அப்பிடியே சொன்னனீரோ?"

"ஓம் அன்ரி" என்றேன்.

அவர் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பின்னை ஏன் அவ சிரிச்சவ?"