முழங்கையில் பார்த்த சூடு

எங்கள் பிரசவ வார்டு ஆயாம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் மைக் செட். அவர் மெதுவாகப் பேசினாலே மூன்றாவது அறைக்குக் கேட்கும். டாக்டரையே செருப்பை வெளியே விடச் சொல்லி அதட்டுவார். நர்ஸான எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

இறந்துபோகும் குழந்தைகளை அவர்தான் குளிப்பாட்டுவார். யாரும் ஒப்படைத்த வேலையல்ல, அவராக இழுத்துப் போட்டுக்கொண்டது. வெந்நீர்தான் வேண்டும் என்பார். குழந்தைக்கு இனிமேல் என்ன தெரியப்போகிறது என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அன்று காலை ஒரு பெண்குழந்தை இறந்தது. பிறந்து ஒரே நாள், இதயத்தில் கோளாறு. அப்பா லாரி டிரைவர். எங்கோ தூரத்திலிருந்து அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையைப் பார்க்க மாட்டேன் என்று வராந்தாவிலேயே நின்றுவிட்டார். பார்த்தால் மறக்க முடியாதாம். ஆபரேஷன் ஆன மனைவியால் எழுந்து போய் அவரிடம் சொல்ல முடியவில்லை. ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மட்டும் பாத்த புள்ளையா ஆயிடக் கூடாதும்மா. நாளைக்கு அவளப் பத்தி நான் யார்கிட்ட பேசுவேன்?"

மதியம் அடக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நான் வராந்தாவுக்குப் போய் டிரைவரிடம் நயமாக எடுத்துச் சொன்னேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயாம்மா என்னை விலகச் சொன்னார்.

"தம்பி, என் கை மரத்துப்போன கை. சூடு தெரியாது. தண்ணிய மட்டும் பாத்துச் சொல்லுங்க."

முப்பது வருஷமாகக் குழந்தைகளைக் குளிப்பாட்டும் கைக்குச் சூடு தெரியாதாம். நல்ல புளுகு.

தண்ணீரைப் பார்க்க டிரைவருக்கு ஆட்சேபம் இல்லை. உள்ளே வந்தார். குழந்தை இருந்த பக்கம் திரும்பாமல், சட்டைக் கையை மடித்து, முழங்கையை வாளியில் நனைத்தார். குழந்தைக்குச் சூடு அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று, மனைவி மாசமாக இருந்தபோது யாரிடமோ கேட்டு வைத்திருப்பார் போல.

"சூடு ஜாஸ்தி. பாப்பாவுக்குத் தாங்காது," என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை. ஆயாம்மா அவரை அழவிட்டார். பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினார். பிறகு குழந்தையை எடுத்து அவர் கையில் கொடுத்து, தலையை எப்படித் தாங்குவது என்று மட்டும் காட்டினார்.

குளிப்பாட்டி, துவட்டி, துணி சுற்றி, அவரே மனைவியிடம் தூக்கிக்கொண்டு போனார். பார்த்தீர்களா என்று மட்டும் அவள் கேட்டாள்.

"ம். காது உன்னோடது. எடது கால் சுண்டு விரல் கொஞ்சம் வளைஞ்சிருக்கு, கவனிச்சியா?"

அவள் கவனித்திருக்கவில்லை. அவர் துணியை விலக்கிக் காட்டினார்.