குறுக்கே வீசிய துண்டு

நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் அல்ல. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். என் இடது முழங்கால் இன்றும் சரியாக மடங்காது. என்னிடம் இருக்கும் சாட்சி அது ஒன்றுதான்.

1979, தை மாதம். நான் காரைக்கால் பக்கத்துச் சுரக்குடி உத்திராபதி. சென்னையில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் மெக்கானிக். கிளப்பின் பழைய டைகர் மாத் விமானத்தைத் தஞ்சாவூரில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். மேல்மூடி இல்லாத, இரண்டே இருக்கை உள்ள விமானம். முன்னால் நான். பின்னால் பைலட், காரைக்கால் நெய்னா முகம்மது பாய். பேசிக்கொள்ள நடுவில் ஒரு ரப்பர்க் குழாய்.

கடற்கரையை ஒட்டியே வந்தோம். காரைக்கால் நெருங்கியது.

"ஒன் வயலத் தாண்டுறப்ப கையாட்டுடா. மாடாவது பாக்கட்டும்!" குழாயில் பாய் சிரித்தார்.

மாலை 5.40. என்ஜின் இருமியது. மறுபடியும் இருமியது. நின்றது.

பிறகு காற்று மட்டும்... ஊஊஊ...

"பெட்ரோலு?"

"பாதி டாங்க் இருக்கு பாய்!"

"வாலு கனக்குதுடா... பின்னால என்ன வச்சே?"

"ஒண்ணும் வைக்கல!"

"மூக்கு எறங்க மாட்டேங்குது. இப்புடியே போனா கல்லு மாதிரி விழுவோம்... யா அல்லாஹ்..."

ஆயிரம் அடி உயரம். குப்பென்று ஈர வலையின் கவிச்சி வாடை அடித்தது. என் பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மழை இல்லை. காற்று முன்னாலிருந்து அடிக்கிறது. சொட்டு பின்னாலிருந்து வந்தது.

தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

கீழே மணல். ஒரு பெண் சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் குறுக்கே குறுக்கே வீசினாள்.

"வரச் சொல்றாங்க பாய்! அங்கேயே எறக்குங்க!"

தட்... தட்... சடார்!

விமானம் மூக்கைக் குத்திச் சாய்ந்தது. அவள்தான் ஓடிவந்து எங்கள் இருவரையும் வெளியே இழுத்துப் போட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"குறுக்க வீசுனா வராதேன்னு அர்த்தம்! கடலுக்குப் போற சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"நாங்க கண்டமாம்மா? எனக்குத் தெரிஞ்சது வயலுதான்..."

"ஒங்களுக்கு வீசலய்யா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாலைப் பார்த்தாள்.

"வாலு மேல ஒக்காந்து வந்தாரே... அவருக்கு."

வாலில் யாரும் இல்லை.

தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மீனவர்கள் சொன்னது. அவள் பெயர் காசியம்மா. புருஷன் முத்தையன் ஐப்பசியில் கடலோடு போனவன். உடல் கிடைக்கவில்லை. தினமும் பொழுது சாயும்போது துண்டோடு கரையில் நின்று யாரையோ திருப்பி அனுப்புவாளாம். புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரார் விட்டுவிட்டார்கள்.

என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை.

நாங்கள் விழுந்த மறுநாள் விடியலில் காசியம்மாவின் கதவு திறந்து கிடந்ததாம். விமானத்தின் வாலிலிருந்து அவள் வாசல் வரை மணலில் ஈரக் கால்தடம். ஓர் ஆளுடையது.

வாசலிலிருந்து கடல் வரை...

இரண்டு பேருடையது.