முதலாளிக்கு ஏற்ற பலகை

சங்கரன்கோவிலில் தண்ணீருக்காகக் குடத்தோடு நிற்பார்கள். தண்ணீர் மேலேயே நிற்கிற ஆட்களும் உண்டு என்பது, எண்பதுகளின் தொடக்கத்தில் துபாயிலிருந்து லீவில் வந்த அத்தான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவைக் கட்டியவர். அங்கே கடலோரத்தில் சறுக்குப் பலகை விற்கும் கடையில் வேலை. ஒற்றைப் பலகையில் இரண்டு கால்களையும் முன்பின்னாக மாட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தால் மோட்டார் படகு இழுத்துக்கொண்டு போகுமாம். இதற்குக் காசு கொடுத்து ஆள் வருகிறது என்றதும் அம்மா, "வேற சோலி இல்லையாக்கும்?" என்றாள்.

பி.காம். முடித்துவிட்டு வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். அத்தானின் கடையில் ஓர் இடம் காலியாக இருந்தது. முதலாளி தூத்துக்குடிக்காரர், அவரும் ஊருக்கு வந்திருந்தார். ஆளைப் பார்த்துப் பலகையின் அளவு சொல்லத் தெரிந்தால் வேலை நிச்சயம் என்றார் அத்தான்.

"உயரத்தப் பாக்காத, மாப்ளே. எடையத்தான் பாக்கணும். கனத்த ஆளுக்கு நீளப் பலகை. குட்டையாக் குடுத்தியோ, தண்ணிய விட்டு எந்திரிக்கவே மாட்டான்."

திருவேங்கடம் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நிற்பவர்களையெல்லாம் மனசுக்குள் எடைபோட்டு, ஆளுக்கு எத்தனை அங்குலப் பலகை என்று சொல்லிப் பழகினேன்.

முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். வாசலில் அவர் நுழைந்ததும் வீடு இருட்டியது. நூறு கிலோவுக்குக் குறையாது.

"என்ன அண்ணாச்சி, இப்படி மெலிஞ்சு போய்ட்டீய?" என்றாள் அம்மா. அதற்குமுன் அவரை அவள் பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் விருந்தாளியை அப்படிக் கேட்காவிட்டால்தான் குறை. அவரும் குளிர்ந்துபோய் மறுசோறு வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினார். "சரி தம்பி, எனக்கு எத்தன அங்குலம் வேணும்?"

அறுபத்தொன்பது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கதவோரம் நின்று அம்மா முறைத்தாள். வீட்டுக்கு வந்த மனுசரைப் பார்த்து, நீங்கள் குண்டு என்று எப்படிச் சொல்வது?

"அறுபத்தஞ்சு தாராளம், அண்ணாச்சி."

அத்தான் தலையில் கை வைத்தார். முதலாளி முகம் மலர்ந்து அத்தான் பக்கம் திரும்பினார்.

"கேட்டீரா வே? இத்தன வருசமா எனக்கு அறுபத்தொம்பதுல்லா எடுத்துத் தந்தீரு! தம்பிக்குத்தான் கண்ணு இருக்கு. இனிமே கடையில அளவு பாக்கது இவன்தான். வந்ததும் மொத வேலையா எனக்கு அந்த அறுபத்தஞ்ச மாட்டிவிடு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா பாயசம் எடுத்துவர ஓடினாள். அத்தான் மட்டும் என் காதருகே குனிந்தார்.

"மாப்ளே, ஒனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாதே அத்தான்."

"நாளைக்கே கெணத்துல எறங்கிப் படி. அவரத் தண்ணிக்குள்ளருந்து தூக்கப் போறது நீதான்."