பச்சை விளக்கைப் பார்க்கும் வேலை

நீடாமங்கலம் பக்கத்து அரிசி ஆலையில் எனக்குக் கொடுத்த வேலை, கலர் சார்ட்டர் மெஷினில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் நான். மெஷினின் கையேட்டை முதல் வாரமே ஒரு வரி விடாமல் படித்துவிட்டேன். கறுப்பு அரிசியைக் கேமரா கண்டுபிடிக்கும், காற்று ஊதித் தள்ளும். என்ன அழகான மெஷின்!

போன தை மாதம் பச்சரிசி ஓட்டி முடித்துப் புழுங்கல் ஏற்றினார்கள். செட்டிங்கை யாரும் மாற்றவில்லை. புழுங்கலுக்கு லேசான பழுப்பு உண்டு, அதையும் கெட்டது என்று மெஷின் ஊதித் தள்ளியது. கழிவு மூட்டை கட்டும் அக்கா ஒரு பிடி அள்ளி வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏன் தங்கச்சி, நல்ல அரிசியா கோழித் தீவனத்துக்குப் போவுது! உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

செட்டிங்கில் இரண்டு எண்களை மாற்றினேன். பத்து நிமிடத்தில் கழிவில் கறுப்பு மட்டும் விழுந்தது. அந்த ஆலையில் நான் நிஜமாக வேலை பார்த்ததே அந்தப் பத்து நிமிடம்தான்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "யாரு பாப்பா தொடச் சொன்னா? கோயமுத்தூர்லேர்ந்து இன்ஜினியர் வருவாரு. நீ லைட்ட மட்டும் பாரு."

"சரியாயிடுச்சு சார். கழிவப் பாருங்க."

பார்க்கவில்லை. பழைய எண்களையே திரும்பப் போட வைத்தார். என் கையாலேயே.

இரண்டு நாள் அக்கா நல்ல அரிசியை மூட்டை மூட்டையாகக் கட்டினார். மூன்றாம் நாள் இன்ஜினியர் வந்தார். என் வயதுதான் இருக்கும். அதே இரண்டு எண்களை மாற்றினார்.

"மூளைன்னா இது சார்!" என்று சூப்பர்வைசர் அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

மறுவாரம் ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. இளம் பணியாளர்களுக்கு வேலையில் திருப்தியா என்று தெரிய வேண்டுமாம். கழிப்பறை, டீ, சீருடை, ஃபேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிக்கிற முகம், ஓர் அழுகிற முகம். எல்லாவற்றிலும் சிரிக்கிற முகத்துக்கே டிக் போட்டேன். பொய்யில்லை, டீ நல்ல டீதான். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. 'தெரிந்த வேலையைச் செய்ய விடுகிறார்களா?' என்று நானே எழுதி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஓர் அழுகிற முகம் வரைந்தேன்.

சூப்பர்வைசர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி ஒரு கேள்வியே இதுல இல்லையே பாப்பா?"

"அதான் சார், நானே போட்டேன்."

"வேற தாள் தரேன். ஒழுங்கா எழுதிக் குடு."

நீட்டிய தாளை நான் வாங்கவில்லை.

"லைட்டு எரியுதான்னு பாக்கணும் சார்" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினேன்.