கோச்சுக்கு நான் சொன்ன பொய்

2006ஆம் ஆண்டு இலையுதிர்காலம். அப்போது மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் எட்டு மணித்தியாலம் நின்றபடியே பெட்டி அடைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருவேன். கால் உளைவு போதாதென்று மகனைப் பற்றிய பயம் வேறு. என் ஒரே பிள்ளை, ஒரு சின்னக் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் அணியில் பந்தோடு ஓடுகிறவன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு மாடு மாதிரி முட்டுகிற அந்த விளையாட்டை ஒரேயொரு தடவைதான் போய்ப் பார்த்தேன். கோச்சை மகன் எனக்கு அறிமுகப்படுத்திவைத்ததும் அன்றைக்குத்தான். அன்றைக்கே ஒரு பையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை அரையிறுதி. அதற்கு முதல்நாள், வேலை இடைவேளையில் கோச்சுக்கு ஃபோன் எடுத்தேன். பயிற்சியில் தலை முட்டுப்பட்டதிலிருந்து மகனுக்கு இரண்டு நாளாகத் தலையிடி, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தான் என்று எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில் பச்சைப் பொய் சொன்னேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சொன்னதுக்கு நன்றி. அவன் விளையாட மாட்டான்" என்றார்.

தனக்கு ஒன்றுமில்லை என்று மகன் அழாக்குறையாகக் கெஞ்சியும் கோச் அவனை இறக்கவில்லை. அணி தோற்றது. கோப்பை ஒன்றும் வரவில்லையென்று ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்த கல்லூரி, இருபது வருடமாக அங்கே இருந்த மனிதரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

"ஏனம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்? அவருக்கு வேலையே போயிட்டுது" என்றான் மகன். எனக்கு அலுப்பு. "நீ முழுசா இருக்கிறாய்தானே" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். ஒரு மாதம் அவன் என்னோடு கதைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பக்கத்து நகரமான லவாலில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு பல்ப் வாங்கப் போனேன். ஏப்ரன் கட்டிக்கொண்டு பெயின்ட் வாளி அடுக்கிக்கொண்டிருந்தவர் அந்தக் கோச். ஆள் நன்றாக உடைந்துபோயிருந்தார். ஆனால் என்னை மறக்கவில்லை. முதலில் கேட்டதே, மகனுடைய தலையிடி சுகமாகிவிட்டதா என்றுதான்.

எனக்கு மனம் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

"எந்தத் தாய் ஃபோன் எடுத்திருந்தாலும் அவனை நிறுத்தித்தான் இருப்பேன்" என்றார். சிரிக்கவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பல்ப் இருக்கிற வரிசையைக் காட்டிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

கனடாவுக்கு அகதியாக வந்தபோது, விசாரணையில் நான் சொன்ன உண்மையை நம்ப இந்த நாட்டுக்கு மூன்று வருடம் பிடித்தது. என் பொய்யை ஒரு நிமிடத்தில் நம்பிய மனிதருக்கு நான் செய்தது இதுதான்.