அண்ணனுக்கு வாங்கிய மஸ்கட்

என் அண்ணனுக்கு நான் ஒரு துரோகம் செய்தேன். அதுவும் அவன் செத்து ஒரு மாதம்கூட ஆகாத நேரத்தில். அப்போது நான் ஏழு வயதுச் சிறுமி, அவனுக்குப் பத்து.

எங்கள் ஊர் கதிரவெளி. கடல் ஊருக்குள் வந்த அன்று காலை அண்ணன் கரையில் வலை இழுப்பதைப் பார்க்கப் போயிருந்தான். இரண்டாம் நாள் அவனைக் கண்டெடுத்தார்கள். அப்பா மட்டும்தான் பார்த்தார், அம்மாவுக்குக் காட்டவில்லை. வீடும் போய்விட்டதால் வாழைச்சேனையில் இருந்த மாமாவின் வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமா அம்மாவின் தம்பி. அப்பா மட்டும் ஊருக்குப் போவதும் வருவதுமாக, வீடு இருந்த மணலைக் கிளறிச் சாமான் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மியைக் காணவில்லை என்று மறுநாள் திரும்பவும் போனார்.

அந்த நாட்களில் நான் மிகவும் நல்ல பிள்ளையாகிவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். எதையும் கேட்டு அழுவதில்லை. நிவாரணத்தில் வந்த பிஸ்கட்டை மாமாவின் பிள்ளைகளிடம் அப்படியே கொடுத்துவிடுவேன். தட்டில் போட்ட சோற்றை வீட்டுப் பின்கோடியில் நின்ற நாய்க்கு வைத்துவிட்டு வந்து கை கழுவுவேன். வாயில்லாச் சீவன்மேல் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு இரக்கம் என்று மாமி பாராட்டினார். ஏன் அப்படிச் செய்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அண்ணன் இல்லாத வீட்டில் ஒன்றைக் கேட்டு வாங்குவது பிழை என்று எப்படியோ மனதில் விழுந்திருந்தது.

செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் அமுது கொடுப்பது எங்கள் வழக்கம். உயிரோடு இருந்தபோது அவர்கள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியில் வந்து நிற்க வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். பிடிக்காததை வைத்தால் தொடாமல் போய்விடுவார், பிறகு எங்கே போனாலும் பசியோடுதான் அலைவார் என்று பிள்ளைகளாகிய எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அமுதுக்குச் சாமான் வாங்குவதற்காக அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, மாமாவோடு மட்டக்களப்பு டவுனுக்குப் போனார்.

மாமா நெல் லொறிகளில் ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். வாரத்தில் ஒருதரம் டவுனுக்குப் போய் வருவதால் அவருக்கு அங்கே பெரிய ஆள் என்று நினைப்பு.

"டவுனில எனக்குத் தெரியாத கட எது? கண்ணக் கட்டி உட்டாலும் போவன்" என்று பஸ்ஸில் இருந்த முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். போய் இறங்கியபிறகுதான் தெரிந்தது, அவருக்குத் தெரிந்தவை எல்லாம் தேத்தண்ணிக் கடைகள்.

நாங்கள் போனது வாவியோரம் கோட்டையை அண்டி இருந்த பழைய கடைத்தெருவுக்கு. ஒல்லாந்தர் காலத்திலேயே அங்கே பண்டம் மாற்றினார்கள் என்று மாமா சொன்னார். ஒல்லாந்தர் என்றால் யார் என்று நான் கேட்டேன். அவர்களும் யாவாரிகள்தான் என்று சொல்லிவிட்டு மாமா வேறு பக்கம் பார்த்தார். நான் அதுவரை பார்த்த கடைத்தெருக்களில் அதுதான் பெரியது. இரண்டு பக்கமும் ஓட்டுக்கூரை சரிந்த கடைகள், அவற்றின் வாசலை மறைத்துச் சாக்குகள், சாக்குகளுக்கு முன்னால் நிலத்தில் விரித்த கடைகள். பன்பாய் விற்றார்கள், தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், வெற்றிலையை நனைத்த துணியால் மூடியிருந்தார்கள். ஓரிடத்தில் வெளிநாட்டிலிருந்து நிவாரணத்துக்கு வந்த கம்பளிக் கோட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் அதை யார் போடுவது? மாமா மட்டும் ஒரு மயிர்த் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார். அம்மா பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டார்.

மீன் விற்கும் பக்கம் மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. கடல் எத்தனை பேரைக் கொண்டுபோனதோ, அந்த மீனை எப்படித் தின்பது என்று அப்போது யாரும் கடல்மீன் வாங்கவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக ஒரு கருவாட்டுக் கடைக்குப் போனார். கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். எங்கள் பக்கத்தில் அவர்களை அண்ணன் முறையில் காக்கா என்று அழைப்போம்.

"கடல் வாறத்துக்கு முந்திக் காய வெச்ச கருவாடு இரிக்கா காக்கா?" என்று அம்மா கேட்டார்.

அந்த நாளில் அப்படிக் கேட்பது யாருக்கும் வினோதமாகத் தெரியவில்லை. அவர் உள்ளே போய், ஓலைப்பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து அவிழ்த்தார். "இது கார்த்திகையில வந்த கட்டு தங்கச்சி. நம்பிக் கொண்டு போங்க. ஆருக்கு?"

"மகனுக்கு. நாளண்டைக்கு அமுது."

அவர் கருவாட்டில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக் கடதாசியில் சுற்றினார். "எங்கட பேரப்புள்ளையும் அதிலதான் போன" என்றார். அம்மா தலையை ஆட்டினார். நான் அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு எதிரில் இருந்த கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் மஸ்கட் இருந்தது. மாவையும் சீனியையும் நெய்யில் கிளறி எடுக்கிற, தொட்டால் கையில் எண்ணெய் மினுங்குகிற இனிப்பு. சிவப்பு ஒரு தட்டு, பச்சை ஒரு தட்டு. வெயில் அதில் விழுந்து கண்ணைப் பறித்தது. ஒரு மாதமாகச் செத்துக் கிடந்த என் நாக்கு அப்போதுதான் ஊறியது. எனக்கே அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தாரா தெரியாது. குனிந்து என் தலையைத் தடவினார்.

"அண்ணனுக்கு என்ன விருப்பம் எண்டு உனக்குத்தானே புள்ள தெரியும். சொல்லு, அவனுக்கு என்ன வாங்குவம்?"

"மஸ்கட்" என்றேன்.

"மஸ்கட்டா?"

"ஓம். அண்ணனுக்கு அதுதான் விருப்பம்."

அண்ணனுக்கு இனிப்பு என்றால் கண்ணில் காட்டக்கூடாது. ஓட்டமாவடியில் அப்பாவின் கூட்டாளி ஒருவரின் வீட்டுக் கல்யாணத்தில் மஸ்கட்டை வாயில் வைத்துத் துப்பிவிட்டு, கையில் இருந்த எண்ணெயை என் தலையில் துடைத்தவன். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் புளியங்காய் தின்பதுதான் அவனுடைய வேலை, பல் கூசினாலும் விடமாட்டான். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அவன் பேரில் பொய் சொன்னேன்.

அம்மா ஒன்றும் கேட்காமல் இரண்டு நிறத்திலும் வாங்கினார். மறுகா, வேறு என்ன விருப்பம் என்றார். சிவப்புச் சோடா என்றேன். அதையும் வாங்கினார். பொய் ஒருதரம் வாயில் வந்துவிட்டால் அடுத்தது தானாக வரும். மறுகா? பூப்போட்ட குடை. ஒரு கடையில் மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், மஞ்சள் பூ, ஓரத்தில் சுருக்கு வைத்தது.

மாமாவால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, பொடியன் பூக்குடை புடிக்கிறவனா?"

"நீ சும்மா இரு தம்பி" என்றார் அம்மா. "ரெண்டு பேரும் ஒண்டாத் திரிஞ்சதுகள். அவளுக்குத்தான் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா இப்படி நம்பிவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் குடை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

திரும்பி வரும்போது, ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பையைக் கிளறினார்கள். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு ஆமிக்காரன் கருவாட்டை முகர்ந்து பார்த்தான், மஸ்கட் பொட்டலத்தை அமுக்கிப் பார்த்தான், குடையை விரித்தான். தலைக்குமேல் பூக்குடையும் தோளில் துவக்குமாக நின்றவனைப் பார்த்து வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். கொச்சைத் தமிழில், "யாருக்கு?" என்று என்னைக் கேட்டான். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அம்மாதான் சொன்னார், மகனுக்கு என்று. அவன் குடையைக் கவனமாக மடித்து, பித்தானையும் போட்டு என் கையில் தந்தான்.

அந்த இரண்டு நாளும் எனக்கு வேறு நினைப்பில்லை. அண்ணன் ஒரு மாதப் பசியோடு வருவான். இலையில் மஸ்கட்டும் சோடாவும் இருக்கும். தொடமாட்டான். பசியோடு போய்விடுவான், அதற்கு நான்தான் காரணம். அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டு தரம் கிட்டப் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

அமுது அன்று மத்தியானம், எல்லோரும் முற்றத்தில் நின்ற நேரம், பக்கத்து வளவுக்கு ஓடிப்போய்ப் புளியங்காய் பொறுக்கினேன். குசினியில் கொஞ்சம் உப்பும் தூளும் எடுத்துக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, கதவைச் சாத்துவதற்கு முன் படைத்த அறைக்குள் நுழைந்தேன். விளக்கு எரிந்தது. இலையில் சோறு, கறிகள், நடுவில் மஸ்கட், பக்கத்தில் சோடாப் போத்தலும் குடையும். இலையின் தலைப்பக்கம் கருவாட்டுப் பொரியல். அதற்கு அருகில் ஒரு சிரட்டையில், ஏற்கெனவே, புளியங்காய். உப்பும் மிளகாய்த்தூளும் தனித்தனியாக இருந்தன.

அண்ணன் வந்துவிட்டான் என்று நினைத்தேன். நான் செய்த குற்றம் எதையும் அவன் அம்மாவிடம் சொல்லாமல் விட்டதே இல்லை. கனவில் வந்து இதையும் சொல்லிக் கொடுத்துவிட்டான்.

திரும்பினால் வாசலில் அம்மா. என் கையில் இருந்த கடதாசியைப் பார்த்தார்.

"அண்ணனுக்குக் கொண்டந்தயா? வை" என்றார். வைத்தேன். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

கதவைத் திறந்தபிறகு, மாமாவின் பிள்ளைகள் சுற்றி நிற்க, மஸ்கட்டை அம்மா என் கையில்தான் முதலில் தந்தார். "அண்ணன் தின்டுட்டான். மிச்சம் உனக்குத்தான், தின்னுகா." அழுதுகொண்டே தின்றேன். ஒரு துண்டு முடிய அடுத்த துண்டு தந்தார். அதன்பிறகு சோறு பிசைந்து தந்தார். நான் விழுங்கி முடிக்கும்வரை அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்ன வாய்க்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு, முழுவதையும் தின்று தீர்த்தேன். மறுநாளும் அப்படியே எதிரில் உட்கார்ந்து பார்த்தார். நாய்க்குச் சோறு வைக்க எனக்கு வழி இல்லாமல் போயிற்று.

பிறகு கதிரவெளிக்குப் போனோம், சண்டை வந்து மறுபடியும் ஓடினோம், மறுபடியும் போனோம். யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்ன வருசம் எனக்குப் பதினொரு வயது. ஊரில் பல வீடுகளில் சண்டைக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. இருக்கிறார்களா இல்லையா என்று சொல்ல யாரும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பெண், மகனுக்கு அமுது கொடுக்கலாமா என்று கேட்டு அம்மாவிடம் வந்தார். அம்மா அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"குடுக்காதகா. அவன் வந்து பசிக்குது எண்டு நிண்டா என்ன செய்வாய்? அவன்ட பங்குச் சோத்த நீ தின்னு. தின்டுட்டு இரு."

அந்தப் பெண் அழுதுவிட்டுப் போனார். அமுது என்ற பேச்சு காதில் விழுந்ததும் எனக்குப் பழைய பயம் கிளம்பிவிட்டது. அம்மா முற்றத்தில் தனியாக நின்றபோது கிட்டப் போய்ச் சொன்னேன், "அண்ணனுக்கு மஸ்கட் விருப்பமில்லம்மா. நான்தான் பொய் சொன்னன். குடையும்."

அம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அவனுக்கு என்ன விருப்பம் எண்டு பெத்த எனக்குத் தெரியாதாகா? உனக்கு என்ன வேணும் எண்டுதான் ஒரு மாசமாத் தெரியாமத் திரிஞ்சன். ரெண்டாவதும் போயிரும் எண்டு நினச்சன்."

ரெண்டாவது எது என்று நான் கேட்கவில்லை. நாலரை வருசமாகப் பயந்துகொண்டிருந்த அடி விழவில்லை, அது போதுமாக இருந்தது. ஒழுங்கையில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் விளையாட ஓடிவிட்டேன்.